வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து எழுதி வைக்கப் போகிறேன். எனக்கு எழுதும் பழக்கம் கிடையாது. ஆனால் நாளைக்கு ஏதாவது விசாரணை என்று வந்தால், "தங்கபுஷ்பம், நீ அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்" என்று என்னைத்தான் முதலில் கேட்பார்கள். பதில் சொல்லக் கையில் ஏதாவது இருக்கவேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து இல்லத்திலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் நாகவேணி. என்னைப்போல மேட்ரன் வேலைதான். முப்பத்தைந்து வயது இருக்கும். வழக்கில் மாட்டிய பிள்ளைகளை வைக்கிற கூர்நோக்கு இல்லங்கள் எல்லாம் மாநிலத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடக்கின்றனவாம். ஊழியர்களுக்கும் பயிற்சி போதாதாம். அதனால் ஒரு இல்லத்து ஆள் இன்னொரு இல்லத்தில் ஆறு வாரம் தங்கி, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து, தெரியாததைக் கற்றுக்கொண்டு போகவேண்டும் என்று உத்தரவு. எங்கள் கண்காணிப்பாளர் ஹெப்சிபா மேடம் இங்கிருந்து யாரையும் அனுப்பவில்லை. ஆள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். வருகிறவளைத் தடுக்கத்தான் முடியவில்லை.

மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "பயிற்சியாவது ஒண்ணாவது. வேவு பாக்க அனுப்பியிருக்காவ. அவ எங்க போறா, யார்ட்ட பேசுதா, எல்லாத்தையும் கொஞ்சம் கண்ணுல வச்சுக்கிடுங்க."

நானும் அதையேதான் நினைத்தேன். சும்மா யாரும் ரயிலேறி இந்தத் தென்கோடிக்கு வரமாட்டார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே எல்லா இடமும் சுற்றிப் பார்த்தாள். சமையலறை, குளியலறை, படுக்கும் ஹால், துணி துவைக்கிற கல். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கிழக்கு அறைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இது என்ன ரூமுங்க அக்கா?"

"சிக் ரூம்."

"உள்ள இருக்கிற பொண்ணுக்கு என்னாங்க உடம்புக்கு?"

உடம்புக்கு ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் தனியாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம் என்றேன். அவள் கதவைப் பார்த்தாள். பிறகு, "தாப்பா வெளிப்பக்கமா இருக்குதுங்களே" என்றாள்.

பூட்டு போடவில்லை, வெறும் தாழ்ப்பாள்தான். அது அவள் பாதுகாப்புக்கு. இதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. இப்படி இடம் கொடுத்தால் அவள் போனபிறகு யார் கட்டி மேய்ப்பது?

ஜூன் 12, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் வரவில்லை. சமையல்கார சண்முகக்கனி விறகடுப்பு வைத்துச் சமாளித்தாள். நாகவேணியும் ஊதாங்குழல் எடுத்துக்கொண்டு ஊதினாள். நல்ல பேர் வாங்கத் தெரிந்தவள்.

ஜூன் 15, ஞாயிறு

கிழக்கு அறைப் பெண்ணைப் பற்றியும் எழுதி வைப்பது நல்லது. பின்னால் யாராவது திரித்துச் சொல்லக்கூடும்.

பெயர் மாதவி. வயது பதினாறு. ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் வீட்டில் வேலைக்கு இருந்தாள். சொந்த ஊர் தளி என்று போட்டிருக்கிறது. உடுமலைப்பேட்டைப் பக்கம். அங்கே விசாரித்தபோது அப்படி ஒரு குடும்பமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதாவது ஊரைக்கூட மாற்றிச் சொல்லியிருக்கிறாள். வேலை பார்த்த வீட்டில் தீ வைத்தாள் என்று வழக்கு. துணிப்பொதிகள் எல்லாம் போயின. முதலாளியின் அப்பாவுக்குக் காலில் தீக்காயம். போலீசிடம் ஒப்புக்கொண்டாள். இங்கே வந்தபிறகு நானும் கேட்டேன். "நீதானட்டி தீ வச்ச?" என்றேன். "ஆமாக்கா" என்றாள். என் அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறேன். அவள் உள்ளங்கை இரண்டிலும் தீப்புண் ஆறிய வடு. தீ வைத்த கை என்று பார்த்தாலே தெரியும்.

வந்த அன்றைக்குச் சாயங்காலப் பிரார்த்தனையில் குத்துவிளக்கை ஏற்றினோம். பேய் பிடித்தவள்போலக் கத்தினாள். விளக்கைத் தட்டிவிட்டாள். பிடிக்கப் போன என் கையைக் கடித்தாள். அதிலிருந்துதான் தனி அறை. விளக்கைக் கண்டு ஒருத்தி நடுங்கினால் மனதில் குற்றம் இருக்கிறது என்றுதானே பொருள்? பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே திரும்பமாட்டாள். அழுத்தக்காரி.

ஜூன் 17, செவ்வாய்

நாகவேணி எங்களுக்கு முதல் வகுப்பு எடுத்தாள். ஒரு பிள்ளை ஆத்திரப்பட்டால் கையைப் பிடிக்கக்கூடாது. சத்தம் போடக்கூடாது. வாசலை மறித்து நிற்கக்கூடாது. தள்ளி, தரையில் உட்காரவேண்டுமாம்.

சண்முகக்கனி கேட்டாள்: "உக்காந்துட்டா அவ ஓடிர மாட்டாளாக்கா?"

"கேட்டுக்கு ஆள் இருக்காங்களே. எங்க ஓடப்போறா?"

"நீங்க கடி வாங்கியிருக்கியளா?" என்று நான் கேட்டேன்.

முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினாள். "மூணு வருசம் ஆச்சுங்க. அப்ப நானும் பிடிச்சு அடக்குறவதான்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மிடம் நெருங்குவதற்கு இப்படி ஒரு கதை சொல்வது பழைய வழி.

ஜூன் 20, வெள்ளி

சாரல் காற்று. துணி காயவில்லை.

ஜூன் 21, சனி

இன்று கண்டுபிடித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டை நானே கொண்டு போகிறேன் என்று நாகவேணி தட்டை வாங்கிக்கொண்டாள். நான் கொஞ்சம் பின்னால் போனேன். கிழக்கு அறை ஜன்னலுக்கு வெளியே நின்றால் உள்ளே பேசுவது கேட்கும். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில் இல்லை. தெலுங்கோ கன்னடமோ எனக்குத் தெரியாது. வந்த நாளிலிருந்து வாய் திறக்காதவள் கடகடவென்று பேசுகிறாள்!

நாகவேணி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஓட்டம் என்பதுபோல என் காதில் விழுந்தது. அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு நாகவேணி முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இன்னும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம் என்று திரும்பிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டான். நான்தான் பார்த்துத் திருப்பினேன். எல்லா இடத்திலும் நாம்தான் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது.

இரண்டு பேரும் ஒரே பாஷை. அவள் சொந்த ஊர்ப் பெண்ணை வெளியே கொண்டுபோகத்தான் இந்தப் பயிற்சி வேஷம் போட்டு வந்திருக்கிறாளோ? பொட்டலத்தில் என்ன? போனா? சாவியா?

ஜூன் 24, செவ்வாய்

மேடத்திடம் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். "கைதான சிறுமியோடு வேற்று மொழியில் ரகசியமாகப் பேசி, தப்பிச் செல்லத் திட்டமிடுவதாகச் சந்தேகிக்கிறேன்" என்ற வாசகம் மேடம் சொல்லிக் கொடுத்தது. கையெழுத்து என்னுடையது. நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.

ஜூன் 25, புதன்

மேடம் நாகவேணியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நானும் இருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையாக இருந்தால் கோபம் வராதா?

"பொட்டலத்துல களிங்க மேடம். ராகிக் களி. அந்தப் பொண்ணு சோறு எறங்காமக் கெடக்குது. சண்முகக்கனி அக்காகிட்ட மாவு வாங்கிக் கிண்டினேன்."

"ஓட்டம் ஓட்டம்னு சொன்னது?" என்றேன்.

கொஞ்சநேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு, "ஊட்டாங்க அக்கா, ஊட்டா. சாப்பாடுன்னு அர்த்தம். சாப்ட்டியான்னு கேட்டேன்" என்றாள். அப்புறம் மேடத்தைப் பார்த்து, "அவ பேரு மாதவி இல்லீங்க, மாதேவி. உடுமலைத் தளியும் இல்லீங்க. எங்க பக்கத்துத் தளி, ஓசூர் தாண்டி. மலையோரத்துல கன்னடம் பேசுறவங்க. அவளுக்குத் தமிழ் வேலைக்கு மட்டும் தெரியும். கூட்டு, தேய், விளக்கு ஏத்து, தண்ணி கொண்டா. நடந்ததச் சொல்ற தமிழ் தெரியாதுங்க" என்றாள்.

"ஒரு வருசமா இந்த ஊர்லதான இருக்கா. போலீஸ் கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்கா. நாங்க கேட்டதுக்கும் சொல்லியிருக்கா" என்றார்கள் மேடம்.

"ஆமான்னு மட்டும்தானுங்களே சொல்லியிருக்கா?"

மேடம் ஃபைலை மூடினார்கள். இனி அந்த அறைப்பக்கம் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள்.

சொந்த ஊர்க்காரியைக் காப்பாற்ற யாரும் இப்படித்தான் சொல்வார்கள். அவள் பேசிய பாஷையில் என்ன பேசினாள் என்று அவள் சொல்வதைத்தானே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது?

சண்முகக்கனியிடம் தனியாகக் கேட்டேன். களி உண்மைதான். "பாவம், அந்தப் புள்ள தட்ட வழிச்சு நக்கிருச்சுக்கா" என்றாள். அவளையும் கைக்குள் போட்டிருக்கிறாள்.

ஜூன் 28, சனி

நாகவேணியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை அவள் இல்லத்திலும் பிள்ளைகள் பக்கம் போகாமல் அலுவலக வேலை மட்டும் பார்க்கவேண்டுமாம். கிளம்பும்போது என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"ஜூலை ஒம்பதாம் தேதி மாதேவிக்கு இளைஞர் நீதிக் குழுமத்துல விசாரணைங்க அக்கா. நீங்கதான கூட்டிட்டுப் போவீங்க? அவகிட்ட எதுனா கேட்டா, பதிலப் பாக்காதீங்க. கண்ணப் பாருங்க."

எனக்கே பாடம்.

பிள்ளைகள் கேட் வரைக்கும் போய் அழுதார்கள். நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை லீவில் போயிருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

வகுப்பு இல்லை. நிம்மதி.

ஜூலை 4, வெள்ளி

வீட்டில் ஒரு கூத்து. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். உள்ளே இருந்தபடியே, "மோட்டார அமத்திட்டியளா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார் என் வீட்டுக்காரர். வெளியே வந்தால் படிக்கட்டெல்லாம் அருவி. நான் என்ன கேட்டேன் என்றே அவருக்குக் காதில் விழவில்லை. இப்போதெல்லாம் காது மந்தம். என்ன கேட்டாலும் ஆமா.

"பொறவு ஏன் ஆமான்னு சொன்னிய?"

"இல்லன்னா நீ கத்துவியே."

படிக்கட்டைத் துடைக்க அரைநாள் போயிற்று. அந்தப் பதில் அதற்குப் பிறகும் மனதில் என்னவோ செய்துகொண்டிருந்தது.

ஜூலை 7, திங்கள்

இதை எப்படி எழுதுவது?

மழை விட்டு வெயில் வந்திருந்தது. கிழக்கு அறைத் தாழ்ப்பாளைத் திறந்து, துணி உலர்த்த அந்தப் பெண்ணை வெளியே அழைத்து வந்தேன். நாளை மறுநாள் விசாரணை. நாகவேணி என்னை ஏமாற்றியிருந்தால் அது இன்றே தெரிந்துவிடட்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அதுதான். அவள் ஏமாற்றுக்காரி என்று தெரிந்தால் போதும்.

கொடியில் பாவாடையைப் போட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்தில் இருக்கிற வேப்பமரத்தைக் காட்டினேன். என் கல்யாணத்துக்கு முன்பே இருக்கிற மரம்.

"ஏட்டி, இந்த மரத்த நீதான நட்ட?"

என் முகத்தைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள். "ஆமாக்கா."

"நேத்துப் பெஞ்ச மழை நீ பெய்ய வச்சதா?"

"ஆமாக்கா."

கண்ணைப் பார்க்கச் சொன்னாளே, பார்த்தேன். கேள்வி அந்தக் கண்ணுக்குள் போகவே இல்லை. என் புருவம் நெரிகிறதா, கை ஓங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

எதற்காக அடுத்ததைக் கேட்டேன் என்று தெரியவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "என்னையக் கொன்னதும் நீதானா?" என்றேன்.

"ஆமாக்கா, ஆமா" என்று வேகமாகத் தலையாட்டினாள். இரண்டு கையும் தானாக முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மிச்சத் துணியை உலர்த்திவிட்டு, யாரும் சொல்லாமலே கிழக்கு அறைக்குள் போய் நின்றாள். நான் வந்து தாழ்ப்பாள் போடுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

போடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மேடத்திடம் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்கள்.

"அறிக்கை ஏற்கெனவே போயாச்சு தங்கபுஷ்பம். ஒப்புக்கொண்டாள்னு எழுதுனது நீங்க. அனுப்புனது நான். இப்ப நாமளே அவளுக்குத் தமிழ் தெரியாதுன்னு போய் நின்னா, இத்தன நாளா என்ன பாத்திய, ஏன் தனியா அடைச்சு வச்சியன்னு கேப்பாவ. நீங்க ரிட்டயர் ஆக எவ்வளவு காலம் இருக்கு?"

எவ்வளவு காலம் என்று அவர்களுக்கே தெரியும்.

"பேசாம கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அங்க வக்கீல் இருக்காவ, பாத்துக்கிடுவாவ."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

இளைஞர் நீதிக் குழுமத்தில் எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. நடுவர் ஒரு பெண். நல்ல மாதிரிதான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாக, "பயப்படாதம்மா. அந்த வீட்டுல தீப்பிடிச்சதுக்கு நீதான் காரணமா?" என்று கேட்டார்கள்.

"ஆமாக்கா."

எழுதுவதற்குக் குனிந்தார்கள். இலவச சட்ட உதவி வக்கீல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். பேசவேண்டும் என்று நினைத்து வரவில்லை. சத்தியமாக இல்லை.

"அம்மா, அவ எதக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவா" என்றேன்.

"நீங்க யாரு?"

"மேட்ரன்மா. அவளுக்கு நீங்க கேக்கது வெளங்கல. கன்னடக்காரப் புள்ள. என்னையக் கொன்னது நீதானான்னு கேட்டதுக்கும் ஆமான்னுட்டா."

நடுவர் காகிதங்களைப் புரட்டினார்கள். "மேட்ரன் தங்கபுஷ்பம் முன்னிலையில் ஒப்புக்கொண்டாள்னு இருக்கே. அது யாரு?"

"நான்தான்மா."

வக்கீல் போனை உள்ளே வைத்தார்.

மொழிபெயர்ப்பாளர் வைத்து மறுபடி விசாரிக்க வேண்டும் என்று தள்ளிவைத்தார்கள். கன்னடம் தெரிந்த ஆள், அதுவும் அந்த மலையோரத்துப் பேச்சு தெரிந்தவர் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எனக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும்.

சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

மேடம் என்னோடு பேசவில்லை. வணக்கத்துக்கும் பதில் இல்லை.

ஜூலை 14, திங்கள்

குழுமத்திலிருந்து கேட்டும் நாகவேணியை அனுப்ப முடியாது என்று அவர்கள் இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் மேல் புகார் நிலுவையில் இருக்கிறதாம். புகார் கொடுத்தவரே திரும்பப் பெற்றால்தான் ஆயிற்று.

மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கேட்டார்: "அப்ப சந்தேகம்னு எழுதுனீங்க. இப்ப சந்தேகம் இல்லங்குறீங்க. எது பொய்?"

"ரெண்டும் பொய் இல்ல சார். அப்ப தெரியல."

"உங்கள யாராச்சும் மிரட்டுறாங்களா?"

ஒரு ஆள் தானாக மனதை மாற்றிக்கொண்டால் யாரும் நம்புவதில்லை. மறுபடி மறுபடி கேட்டார். கையெழுத்து அதே ஆளுடையதா என்று ஒப்பிட்டும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து நாகவேணிக்குப் போன் போட்டேன். எடுத்தாள்.

"நான் தங்கபுஷ்பம் பேசுதேன்."

"சொல்லுங்கக்கா." குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"புகார வாபஸ் வாங்கிட்டேன். நீங்க விசாரணைக்கு வரணும்."

"என்னை இப்ப நம்புறீங்களா அக்கா?"

"அந்தப் புள்ள பேசுறது எனக்கு வெளங்கணும். அதுக்கு நீங்க வேணும்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரித்ததுபோல இருந்தது. "அது போதுங்க" என்றாள்.

அவளுக்கும் ஒரு விஷயம் சொல்ல இருந்தது. ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே தளிக்குப் போய், மலையோரமாக விசாரித்து, மாதேவியின் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டாளாம். பெயர் புட்டம்மா. மகள் இன்னும் ஜவுளிக்காரர் வீட்டில்தான் வேலை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கூட்டிக்கொண்டு போன ஏஜெண்டு அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறான். அலுவலக வேலை மட்டும் பார்க்கச் சொன்னவளை யார் போகச் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்

கிழக்கு அறையைச் சுத்தம் செய்து, பழைய மெத்தைகளைப் போட்டு வைத்தோம். மாதேவி இப்போது ஹாலில் மற்றவர்களோடு படுக்கிறாள். சாயங்காலப் பிரார்த்தனைக்கு விளக்கு வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். மேடம் ஏன் என்று கேட்கவில்லை. நான் செய்கிற எதையும் பார்க்காததுபோல இருக்கிறார்கள். எல்லாம் என் தலையில் விழும்போது கை கழுவ வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 23, புதன்

குழுமத்தில் மறுபடி விசாரணை. நாகவேணி நேரில் வரவில்லை. அவர்கள் இல்லத்திலிருந்தே வீடியோ திரையில் வந்தாள். அவளைப் பார்த்ததும் மாதேவி எழுந்து நின்றுவிட்டாள்.

நடுவர் கேட்க, நாகவேணி கன்னடத்தில் சொல்ல, அந்தப் பெண் பதில் சொல்வதற்குப் பதிலாகத் திருப்பி ஒன்று கேட்டாள். ஒரே கேள்வி.

நாகவேணி தமிழில் சொன்னாள்: "அஜ்ஜா உயிரோட இருக்காரான்னு கேக்குறா. அந்த வீட்டுப் பெரியவர்."

இருக்கிறார், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டார் என்று நடுவர் சொன்னார்கள். அது கன்னடத்தில் போய்ச் சேர்ந்ததும் மாதேவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் எங்களிடம் இருந்த இத்தனை நாளில், அந்த ஆள் இருக்கிறாரா செத்தாரா என்று அவளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் கேட்கவில்லையே என்றுதான் இருந்தோம்.

பிறகு பேசினாள். நிறுத்தவே முடியவில்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் பெரியவர் "விளக்கு" என்பார், இவள் சாமி அறையில் விளக்கேற்றுவாள். அன்றைக்கு லாரியில் வந்த பொதிகளை இடமில்லாமல் சாமி அறை வாசல்வரை அடுக்கியிருந்தார்கள். பெரியவர் வழக்கம்போல் சொன்னார், ஏற்றினாள். கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது புகை நாற்றம் வந்தது. ஓடி வந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரைப் போர்வையோடு சேர்த்து இழுத்தாள். போர்வையில் தீ பிடித்திருந்தது. அவள் விடவில்லை. அந்த உள்ளங்கையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். விளக்கேற்றியது நீதானா என்று போலீஸ் கேட்டார்கள். ஆமா என்றாள். அது மட்டும் அவளுக்குப் புரிந்த கேள்வி.

"பெரியவர்கிட்ட யாராவது வாக்குமூலம் வாங்கினீங்களா?" என்று நடுவர் கேட்டார்கள். அப்படி ஒரு காகிதமே கோப்பில் இல்லை.

மாதேவி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பேசப்பேச என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். நாகவேணியின் முகம் மாறியது.

"சொல்லுங்க. விடாமச் சொல்லுங்க" என்றார்கள் நடுவர்.

சொன்னாள். அறையைச் சொன்னாள். தாழ்ப்பாளைச் சொன்னாள். உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தட்டியபோது அந்தப் பெரியக்கா வெளியிலிருந்து அதட்டியதைச் சொன்னாள். தீட்டு நாளில் துணி கேட்கத் தமிழ் தெரியாமல் கிழிந்த பாவாடையை வைத்துக்கொண்டதைச் சொன்னாள்.

நாகவேணி ஒரு சொல்லைக்கூட விடவில்லை. பழி தீர்க்கிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது. திரையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இல்லை, அப்படி இல்லை.

இதில் பொய் ஏதாவது உண்டா என்று நடுவர் என்னைக் கேட்டார்கள்.

"இல்லம்மா" என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

எனக்கும் மேடத்துக்கும் விளக்கம் கேட்டு மெமோ. தன்னைக் கேட்காமல் நான் செய்தது என்று மேடம் பதில் எழுதியிருப்பதாகச் சண்முகக்கனி சொன்னாள். எழுதட்டும். தாழ்ப்பாளைப் போட்டது என் கைதான்.

வீட்டுக்காரர், "ஏளா, வேலைக்கு ஒண்ணும் வராதே?" என்று கேட்டார். தெரியாது என்று சத்தமாகச் சொன்னேன். இந்த முறை சரியாகக் கேட்டுக்கொண்டார்.

ஜூலை 30, புதன்

பெரியவர் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். விளக்கேற்றச் சொன்னது தான்தான், இந்தப் பெண் இழுக்காவிட்டால் செத்திருப்பேன் என்றாராம். அவள்தான் தீ வைத்தாள் என்று மகன் புகார் சொன்னதை இத்தனை நாள் அவர் ஏன் மறுக்கவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கு முடிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை தாயிடம் ஒப்படைக்க உத்தரவு. புட்டம்மா இவ்வளவு தூரம் வர வழியில்லை. நாகவேணியின் இல்லத்தில் வைத்து ஒப்படைக்க வேண்டும். கூட்டிக்கொண்டு போகவேண்டியது நான். போன கையோடு அங்கேயே ஆறு வாரம் தங்கிப் பயிற்சி எடுக்கவேண்டும் என்றும் மேலிடத்திலிருந்து வந்திருக்கிறது. தண்டனையா பயிற்சியா என்று காகிதத்தில் இல்லை.

வேற்றுமொழிப் பிள்ளைகள் வந்தால் எந்த இல்லத்தில் யாருக்கு என்ன பாஷை தெரியும், எப்படிக் கூப்பிடுவது என்று எல்லா இல்லங்களும் தங்களுக்குள் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் குழுமம் எழுதியிருக்கிறதாம். சண்முகக்கனி தனக்குக் கொஞ்சம் மலையாளம் தெரியும் என்று மேடத்திடம் போய்ப் பெயர் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பெங்களூர் ரயிலில் வந்து காலையில் ஓசூரில் இறங்கினோம். நல்ல குளிர். மாதேவி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் நெருங்க நெருங்க ஒவ்வொன்றையும் காட்டி அவள் பாஷையில் எனக்குப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் நிற்கவில்லை. நான் தப்பாகத் திருப்பிச் சொன்னதற்குச் சிரித்தாள்.

அங்கிருந்து நாகவேணியின் இல்லத்துக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போனதும் அங்கிருந்த ஊழியர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. இவள்தான் அந்த ஆள். நாகவேணி காபி கொண்டு வந்து கொடுத்தாள். வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை.

புட்டம்மா முன்பே வந்து காத்திருந்தாள். ஒடிசலான பெண். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கவேண்டும், மூத்தவள்போல இருந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வழிக்குச் சண்முகக்கனி கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம் மீதி இருந்தது. அதை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. என் கையை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

மகளை வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தினாள். சட்டைக் கையை மேலே ஏற்றி ஒரு கையைப் பார்த்தாள், பிறகு மறு கையை. உள்ளங்கையை விரித்து வடுவை விரலால் தடவினாள். பின்னலைத் தூக்கிப் பிடரியைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். கணுக்காலைப் பார்க்கக் குனிந்தாள்.

ஊழியர்களில் ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகவேணிக்குச் சங்கடமாகிவிட்டது. "அக்கா, நீங்க உள்ள போய் உக்காருங்க" என்றாள்.

"இருக்கட்டும். பாக்கட்டும்" என்றேன்.

பார்த்து முடித்ததும் புட்டம்மா மகளிடம் ஏதோ கேட்டாள். மாதேவி நீளமாகப் பதில் சொன்னாள். நடுவே ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தாள். நாகவேணி தமிழில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.